மாமியாரையும் கூட்டிட்டு டென்ட் அடிக்கப் போலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல டெக்சாஸ்ல ஃப்ரியோ ஆத்தங்கரையில இருக்கற கார்னர் ஸ்டேட் பார்க் பத்தி தான், அதனால மத்ததை எல்லாம் அடுத்த மாசத்துக்கு ஒதுக்கி வெச்சுட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நாங்க ஹூஸ்டன் பக்கம் கேட்டி ஊர்ல இருக்கோம். ஊர்லேர்ந்து மாமனார் மாமியார் வந்திருக்காங்க. ஜூலைல கார்னர் போய் டென்ட் அடிக்கலாம்னு இவர் ஒத்தக்கால்ல நிக்கறார். மாமியாருக்கு முட்டி வலி, தரையில படுத்தா எழுந்திரிக்க முடியாது. பேசாம ஹோட்டல் போட்டுடலாமா?

பதில்: ஹோட்டல் வேண்டாம்மா, ஆனா டென்ட்டும் வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுல 'ஸ்க்ரீன்டு ஷெல்டர்'னு ஒண்ணு இருக்கு, நம்ம ஊர் திண்ணைக்கு சுத்தி கொசுவலை அடிச்சா எப்படி இருக்கும், அதே தான். மேல கூரை, கீழ சிமென்ட் தரை, கட்டில் கிடையாது, ஏசி கிடையாது, மடக்கு கட்டில் ரெண்டு நீங்க தான் தூக்கிட்டு போகணும், கூடவே ஒரு டேபிள் ஃபேன். ஏசியோட கேபினும் இருக்கு, ஆனா அஞ்சு மாசம் முன்னாடியே புக்கிங் திறந்துடும், திறந்த உடனே ஜூலை வார இறுதி எல்லாம் போயிடும். கேன்சல் ஆகறது அப்பப்போ வரும், தினமும் காலைல காபியோட ஒரு தடவை சைட்டைப் பாருங்க, எனக்கு அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை மாட்டுச்சு. எதை எடுத்தாலும் மேப்பைப் பாத்து பாத்ரூம் பக்கத்துல இருக்கறதா எடுங்க. ஆத்தைப் பாத்த மாதிரி இடம்னு உங்க வீட்டுக்காரர் ஆசைப்படுவார், ராத்திரி ரெண்டு தடவை டார்ச் அடிச்சுக்கிட்டு அம்மாவைக் கூட்டிட்டு போகப் போறது யாருன்னு அவர்கிட்ட கேளுங்க.

முட்டி வலிக்காரங்களுக்கு அந்த ஃப்ரியோ ஆறு நல்லாவே ஒத்துக்கும். ஃப்ரியோன்னா ஸ்பானிஷ்ல குளிர்ச்சின்னு அர்த்தம், ஜூலை வெயில்லயும் கால் வெச்சா சுரீர்னு இருக்கும். எங்கம்மா வந்தப்போ மடக்கு நாற்காலியை முழங்கால் தண்ணியில போட்டு, புடவையை இழுத்து சொருகிக்கிட்டு, மூணு மணி நேரம் அசையல. தண்ணி கண்ணாடி மாதிரி, கால் விரலைச் சுத்தி குட்டி மீன் வந்து கொத்திட்டு போறது தெரியும். கரையில சைப்ரஸ் மரம் ஒவ்வொண்ணும் அரச மரம் மாதிரி நிக்கும், வேரெல்லாம் முட்டி மடக்கினாப்புல தண்ணிக்கு மேல துருத்திக்கிட்டு இருக்கும், "என் முட்டி மாதிரியே வீங்கியிருக்கு பாரு"ன்னு அம்மா சிரிச்சாங்க. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, அடியில முழுக்க கல்லு, வழுக்கும், பின்னாடி வார் வெச்ச செருப்பு இல்லாம யாரையும் இறக்காதீங்க.

நுழைவுக் கட்டணம் பெரியவங்க தலைக்கு ஒரு நாளைக்கு 8 டாலர், 12 வயசு வரைக்கும் பசங்களுக்கு இல்ல. நீங்க நாலு பெரியவங்க, மூணு நாளுக்குக் கணக்குப் போட்டா 96 ஆகுது, வருஷ பாஸ் ஒண்ணு எடுத்தா அதே கார்ல வர்ற எல்லாருக்கும் சேத்து ஆகிடும், அது தான் லாபம்.

கேள்வி: அங்க போய் பிரியாணி பண்ணலாமா, கட்டுச்சாதமா? – ஆஸ்டின் வாசகர்

பதில்: முதல் நாளைக்குக் கட்டுச்சாதம், மறுநாள் உங்க பிரியாணி. விறகை நம்பிப் போகாதீங்க, மழை இல்லாத கோடையில அங்க நெருப்பு மூட்டத் தடை போட்டுடுவாங்க, அதனால காஸ் அடுப்பு கையில இருக்கட்டும். சுள்ளி பொறுக்கறதும் கூடாது. மறந்து போன தயிர், வெங்காயம் வாங்கணும்னா பெரிய கடை யுவால்டி ஊர்ல தான், 30 மைல் திரும்ப ஓட்டணும்.

அப்புறம் ரக்கூன், ராத்திரியில சாப்பாடு திருட வர்ற காட்டுப் பிராணி. நான் புளியோதரை டப்பாவை ஐஸ் பெட்டிக்குள்ள வெச்சு மூடி, மேல ஒரு கல்லையும் வெச்சுட்டு தான் படுத்தேன். ராத்திரி ஒரு மணிக்கு சத்தம், டார்ச் அடிச்சா ரெண்டு பேர் எதிரும் புதிருமா உக்காந்து, குட்டிக் குழந்தை கை மாதிரி கையால சோத்தை அள்ளி அள்ளி சாப்பிடறாங்க, ஒருத்தர் வேர்க்கடலையைத் தனியா பொறுக்கறார். வெளிச்சத்தைப் பாத்து ஓடவும் இல்ல. சாப்பாடு எல்லாம் கார் டிக்கிக்குள்ள வைங்க, அவ்ளோதான்.

கேள்வி: பீர்? – பேர் வேண்டாம்னு எழுதியிருக்கார்

பதில்: டெக்சாஸ் ஸ்டேட் பார்க்ல வெளிய உக்காந்து குடிக்கக் கூடாது தம்பி. மோர் கொண்டு போங்க.

கேள்வி: போன வருஷ வெள்ளத்தை நினைச்சா பயமா இருக்கு. ஆத்தங்கரையில தூங்கறது சேஃப் தானா? – டாலஸ் வாசகி

பதில்: 2025 ஜூலை 4 விடியக்காலைல குவாடலூப் ஆத்துல நடந்ததை சொல்றீங்க. 45 நிமிஷத்துல 26 அடி ஏறிச்சு, நூத்துக்கும் மேல உயிர் போச்சு. அது வேற ஆறு, ஆனா ஃப்ரியோவும் அதே மலைப்பகுதி தான், பயம் நியாயமானது. அங்க சுண்ணாம்புப் பாறை மேல மண்ணு மெல்லிசா இருக்கும், பெய்யற மழையை உறிஞ்சாது, அப்படியே வழிஞ்சு ஆத்துக்கு வந்துடும். உங்க தலைக்கு மேல வானம் சுத்தமா இருக்கும், மேல எங்கேயோ கொட்டியிருக்கும். அதனால மழை எச்சரிக்கை இருந்தா காசு போனாலும் பரவால்லன்னு பயணத்தைத் தள்ளிப் போடுங்க. போன் சிக்னல் எங்களுக்கு சரியாவே வரல, வானிலை எச்சரிக்கை சொல்ற வெதர் ரேடியோ, பேட்டரில ஓடறதா ஒண்ணு வாங்கிக்குங்க. தெளிஞ்ச தண்ணி திடீர்னு கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்துதுன்னா டென்ட், கார் எதையும் பாக்காம மேட்டுக்கு ஏறிடணும். ரோட்டை மறிச்சு தண்ணி ஓடினா காரை இறக்கவே கூடாது. இதுக்கு நேர்மாறா, வறட்சி வருஷத்துல காத்தடிச்ச டியூப்ல உக்காந்து மிதக்கலாம்னு பாத்தா கல்லு தான் தட்டும், கிளம்பறதுக்கு முன்னாடி தண்ணி எவ்ளோ ஓடுதுன்னு பார்க்குக்கு போன் போட்டு கேட்டுக்குங்க.

கேள்வி: ராத்திரி அங்க டான்ஸ் ஆடுவாங்களாமே, நாம போனா ஒரு மாதிரி பாப்பாங்களா? – சுகர்லேண்ட் வாசகி

பதில்: யாரும் பாக்க மாட்டாங்க, அவங்கவங்க ஆடறதுல இருப்பாங்க. பார்க் திறந்தது 1941ல. அதைக் கட்டினது 1930கள்ல வேலையில்லாத் திண்டாட்ட காலத்துல அரசாங்கம் வேலைக்கு எடுத்த இளவட்டப் பசங்க, மாசம் 30 டாலர் சம்பளம், அதுல 25 நேரா வீட்டுக்குப் போயிடும். அவங்க கல்லுல எழுப்பின கட்டடத்துக்கு வெளிய தான் கோடை ராத்திரியில ஜூக்பாக்ஸ்னு ஒரு பாட்டுப் பெட்டியைப் போட்டு ஆடறாங்க, 1940கள்லேர்ந்து இதே கதை. பாட்டிங்க பேரனோட ஆடுவாங்க. சுத்தி மதில்ல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டே வேடிக்கை பாக்கவும் இடம் இருக்கு. வெளியேர்ந்து கார்ல வர்றவங்களை பார்க்கிங் நிரம்பினதும் உள்ள விட மாட்டாங்க, நீங்க அங்கேயே தங்கறதா இருந்தா சாப்பிட்டு முடிச்சு நடந்தே போங்க. திரும்பி வந்து கத்திப் பேசிடாதீங்க, பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது.