விறகு பொறுக்கப் போன கைதி – கடிதம்

அன்புள்ள ஐயா,
அல்ஜீரியப் போர் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ஒரே ஆள் ஒரு பக்கத்தில் பயங்கரவாதி, மறுபக்கத்தில் விடுதலை வீரன். நான் எல்லா இடத்திலும் ‘ஆயுததாரி’ என்று போட்டு நடுநிலை காத்திருக்கிறேன். சரிதானே?
செ., திண்டுக்கல்

அன்புள்ள செ.,

போட்டுக்கொள்ளுங்கள், குடி முழுகிவிடாது. ஆனால் பெயர்ச்சொல்லை மாற்றினால் நடுநிலை வந்துவிடும் என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் தப்பு.

அல்ஜீரியா அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. விடுதலை கேட்டு 1954 முதல் 1962 வரை அங்கே நடந்ததை பிரெஞ்சு அரசு போர் என்றே சொல்லவில்லை. ‘சம்பவங்கள்’, ‘ஒழுங்கு காக்கும் நடவடிக்கை’. போர் என்ற சொல் சட்டத்தில் ஏறியது 1999 அக்டோபரில். போர் என்று ஒப்புக்கொண்டால் பிடிபட்டவர் போர்க்கைதி. இல்லையென்றால் கொலைக் குற்றவாளி. ஆயுதமேந்திய விடுதலை முன்னணியைச் சேர்ந்த அகமது சபானாவை 1956 ஜூன் 19 அன்று அல்ஜியர்ஸ் சிறையில் கில்லட்டினுக்கு, அதாவது தலைவெட்டும் பொறிக்கு, அனுப்ப முடிந்தது அதனால்தான். பிரெஞ்சுக்காரர்களுக்கு அவர் ‘ஃபெல்லாகா’, கொள்ளைக்காரன் வாடை அடிக்கும் சொல். அவர் பக்கத்துக்கு முஜாஹித் (புனிதப் போராளி), செத்தபின் ஷஹீத் (தியாகி).

இவையெல்லாம் பட்டவர்த்தனமான சொற்கள், வாசகர் உஷாராகிவிடுவார். ‘விறகு வேலை’ என்று பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஒரு சொல் இருந்தது. அதைப் பாருங்கள். கைதியை விறகு பொறுக்க என்று முகாமுக்கு வெளியே கூட்டிப்போய்ச் சுட்டுவிடுவார்கள். அறிக்கையில், ‘தப்பியோட முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டான்.’ இந்த வரியைப் பிரித்துப் பாருங்கள். ஓடியது செய்வினை, சுட்டது செயப்பாட்டுவினை. ஓடியவருக்கு முகம் உண்டு, சுட்டவருக்கு இல்லை. செத்தவரே தன் சாவுக்குக் காரணம் ஆகிவிட்டார். இதில் உங்கள் சொல்லைச் செருகுங்கள்: ‘தப்பியோட முயன்ற ஆயுததாரி சுட்டுக் கொல்லப்பட்டான்.’ பொய் அப்படியே இருக்கிறது, மேலே நடுநிலைப் பூச்சு வேறு.

எதிர்த்தரப்பும் யோக்கியமில்லை. 1957 மே மாதம் அல்ஜீரியாவின் மெலூசாவில் போட்டி இயக்கத்தை ஆதரித்த கிராமத்தார் சுமார் 300 பேரை விடுதலை முன்னணி கொன்றது. பழியை பிரெஞ்சுப் படைமேல் போட்டது. முன்னணியின் கையிலிருந்த சொல் ‘துரோகி’. தமிழருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

தமிழில் இன்னொரு கண்ணி உண்டு, பிரெஞ்சில் இல்லாதது. தளபதி ‘உத்தரவிட்டார்’, கைதி ‘ஓடினான்’ என்று கை தானாக எழுதும். மேலே அந்த அறிக்கை வரியைத் தமிழில் போடும்போது நானும் ‘கொல்லப்பட்டான்’ என்றுதான் எழுதியிருக்கிறேன்; பிரெஞ்சு வினையில் அந்த ‘ஆன்’ கிடையாது. உங்கள் பிரதியைத் திறந்து விகுதிகளை மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எல்லோருக்கும் ‘ஆர்’ போடுங்கள், அல்லது எல்லோருக்கும் ‘ஆன்’.

ஃபெல்லாகா, முஜாஹித் இரண்டையும் ஒலிபெயர்த்து, யார் வாய்ச்சொல் என்று சேர்த்துவிடுங்கள். அறிக்கை வரிக்கு முன்னால் ‘இராணுவ அறிக்கையின்படி’ இருக்கட்டும். சுட்டவர் யாரென்று மூலத்தில் இல்லையென்றால், ‘சுட்டது யாரென அறிக்கை சொல்லவில்லை’ என்று எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த உரிமை இல்லை என்பீர்கள். அப்புறம் அடிக்குறிப்பு எதற்கு இருக்கிறது?