மாணவர்களின் எழுத்துக்கு உதவும் ரைட்டிங் சென்டரில் ட்யூட்டராகச் சேரலாமா? கூடப் படிக்கிறவர் எழுதியதைத் திருத்த எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

நீங்களும் தமிழ் மீடியம்தான் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் தகுதி பற்றிய சந்தேகமே வந்திருக்காது. தாராளமாகச் சேருங்கள்.

எனக்குக் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பத்தாவது வரைக்கும் கேரள அரசு அச்சடிக்கும் தமிழ்ப் புத்தகங்கள்தான் படித்தேன். அப்புறம் ஆங்கில எம்.ஏ. படித்தபோது பல்கலைக்கழக ரைட்டிங் சென்டரில் ட்யூட்டராக இருந்தேன். கட்டுரையைச் சரிசெய்வது நம் வேலையில்லை, எழுதுகிறவரை வளர்ப்பதுதான் வேலை என்று பயிற்சியில் சொன்னார்கள். அமெரிக்காவில் ஸ்டீபன் நார்த் என்ற ஆங்கிலப் பேராசிரியர் 1984இல் எழுதியது அது. 1991இல் ஜெஃப் புரூக்ஸ் என்பவர் இன்னும் இறுக்கிவிட்டார்: ட்யூட்டர் கையில் பென்சிலே இருக்கக் கூடாது, மாணவரே உரக்க வாசிக்க வேண்டும்.

வேலந்தாவளம் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். எம்.எஸ்சி. வேதியியல். ரிப்போர்ட் முழுக்கச் சிவப்பு மை. காரணம் எதுவும் இல்லாமல் ‘திரும்ப எழுது’ என்று கைடு போட்டிருந்தார். மலையாளத்தில் ‘சேச்சி’ என்று ஆரம்பித்தவள், என் ஊர் தெரிந்ததும் ‘அக்கா’ என்றாள். விதிப்படி, “இந்த வாக்கியத்தில் என்ன சொல்ல வருகிறாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

தாளை மூடி வைக்கச் சொல்லி, “உங்க அப்பாகிட்ட சொல்ற மாதிரி தமிழ்ல சொல்லு” என்றேன்.

“லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல ஃபுளூரைடு இருந்தா அந்தத் தண்ணியக் குடிக்கக் கூடாதுக்கா. நம்ம பக்கம் நெறைய போர்ல அதுக்கு மேல இருக்கு. பாறையில இருந்து கரைஞ்சு வருது. சின்னப் பசங்களுக்குப் பல்லு கறையாகுது.”

ஒரு தடுமாற்றம் இல்லை. ரிப்போர்ட்டிலோ பல் கறை கடைசிப் பக்கத்தில் கிடந்தது. முன்னால் கொண்டுவரச் சொன்னேன், அவளே மாற்றி எழுதினாள்.

நீயே எழுதிக் கொடுத்துவிட்டு என்ன பெருமை என்பார்கள். ஒரு வரிகூட நான் எழுதவில்லை. ஆங்கிலத்தில் ‘ஏ’ (a), ‘தி’ (the) எங்கே வரும் என்பதை மட்டும் நேராகச் சொல்லிக் கொடுத்தேன். அதை “நீயே யோசி” என்று விட்டால் விடியாது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவர்களுக்கு வெறும் கேள்வி மட்டும் போதாது என்று அமெரிக்காவிலேயே தொண்ணூறுகளில் எழுதிவிட்டார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், 1969 ஆட்சிமொழிச் சட்டமே அதற்கு வழி செய்தது. எங்கள் பக்கத்து அலுவலகம் ஒன்றில் அம்மாவின் மனுவை “மலையாளத்துல எழுதிட்டு வாங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் ஊரில் இல்லை. வாசலில் எழுதித் தருகிறவருக்குக் காசு கொடுத்திருக்கிறார் அம்மா. எழுத்துக்கு உதவி தேடி அலைவது எங்களுக்குக் காலேஜோடு முடிகிற கதை இல்லை.

சரி, உங்கள் விஷயம். மணிக்கு எவ்வளவு, எப்போது கைக்கு வரும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் சர்டிஃபிகேட்டோடு அனுப்பிவிடுவார்கள். புராஜெக்ட் சமர்ப்பிக்கிற வாரம் கூட்டம் அள்ளும். அந்த வாரத்துக்கு மட்டும் அதிக நேரம் ஒத்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கும் புராஜெக்ட் இருக்கும்.