பைபாஸுக்குப் பின் காய்ச்சலும் நெஞ்சு வலியும்

கேள்வி: 63 வயதான என் அப்பாவுக்கு மூன்று கிழமைக்கு முன் கொழும்பில் பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. நன்றாகத் தேறிவந்தவருக்கு ஐந்து நாளாக இலேசான காய்ச்சல். மூச்சை உள்ளிழுத்தால் நெஞ்சில் குத்துகிறது. மல்லாந்து படுக்க முடியாமல், இரவெல்லாம் தலையணையைக் கட்டிப்பிடித்து முன்பக்கம் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறார். பனடோல் போட்டால் சற்றுக் குறைகிறது. கிருமி தொற்றிவிட்டதா, ஒப்பரேஷன் பிழைத்துவிட்டதா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: அப்பாவை இன்றே திருகோணமலை பொது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள், கொழும்பு கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மூச்சுத்திணறல், மயக்கம், கழுத்து நரம்புப் புடைப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். இதயத்தைச் சுற்றித் தேங்கும் நீர் இதயத்தை அழுத்தினால் அவ்வாறு நேரும். அந்த நீரை ஊசியால் அவசரமாக வெளியேற்ற வேண்டியிருக்கும்.

படுத்தால் கூடி, முன்சாய்ந்தால் தணியும் வலி என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பது மிகவும் பயனுள்ள தகவல். சத்திரசிகிச்சையின்போது இதயத்தின் மேலுறை வெட்டித் திறக்கப்படுவதால், சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே சில நாட்கள் அல்லது கிழமைகள் கழித்து அவ்வுறையிலும் நுரையீரல் உறையிலும் அழற்சியை உண்டாக்குகிறது. ‘போஸ்ட் பெரிகார்டியோட்டமி சிண்ட்ரோம்’ எனப்படும் இந்நோய் கிருமித் தொற்றும் அல்ல, சத்திரசிகிச்சை பிழைத்ததன் அடையாளமும் அல்ல.

ஆனால் இதுதான் என்று வீட்டிலிருந்தே முடிவு கட்டக் கூடாது. வேறு காரணமற்ற காய்ச்சல், இத்தகைய வலி, குழாய் வைத்துக் கேட்டால் உரசும் ஒலி, இதயத்தைச் சுற்றி நீர், நுரையீரலைச் சுற்றி நீர் ஆகிய ஐந்தில் இரண்டேனும் இருந்தால்தான் வைத்தியர்கள் இந்நோயை உறுதிசெய்வார்கள். அதற்கு முன் நெஞ்சுக் காயத்தில் சீழ், நெஞ்செலும்பில் அசைவு, நியூமோனியா, நுரையீரலில் இரத்தக்கட்டி ஆகியவை இல்லையென்று காண வேண்டும். எக்கோ எனும் இதய ஸ்கேன், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனை ஆகியவை இதற்கு உதவும். பனடோல் காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், கொடுத்த நேரத்தைக் குறித்துச் சென்று சொல்லுங்கள்.

சிகிச்சையில் முதலிடம் உயர்ந்த அளவு அஸ்பிரினுக்கும், கௌட் எனும் மூட்டு நோய் உள்ளவர்கள் அறிந்த கொல்சிசினுக்கும் உண்டு. இத்தாலியில் 360 பேரிடம் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில், சத்திரசிகிச்சையின் மூன்றாம் நாளிலிருந்து கொல்சிசின் பெற்றவர்களில் சுமார் 9 சதவீதத்தினருக்கே இந்நோய் வந்தது. பெறாதவர்களில் அது 21 சதவீதம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்குக் கொல்சிசினின் அளவைக் குறைக்க வேண்டும். வயிற்றோட்டம் ஏற்பட்டால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இவற்றுக்கு அடங்காதபோதுதான் ஸ்டீரொய்ட்.

பார்மசியில் டைக்ளோபெனாக் எனும் வலிநிவாரணியை வாங்கிக் கொடுப்பது நம்மிடையே சகஜம். பைபாஸ் செய்தவருக்கு அது ஆபத்து; தயவுசெய்து கொடுக்காதீர்கள். அப்பா ஏற்கெனவே எடுக்கும் சிறிய அஸ்பிரினை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கொல்சிசினைப் பெரும்பாலும் மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். வலி நின்றதும் இடையில் விட்டால் நோய் திரும்ப வரக்கூடும். கொழும்பில் தந்த நோய்க்குறிப்பு அட்டையையும் குளிசைகள் அனைத்தையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.