கரண்ட் போயிட்டு வந்தா ஆம்ப்ளிஃபயர் ஏன் காணாம போகுது?

கேள்வி: பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்க ஆடிட்டோரியத்துல டிஜிட்டல் மிக்ஸரும் நெட்வொர்க்ல ஓடுற நாலு ஆம்ப்ளிஃபயரும் மாட்டியிருக்கோம், கன்ட்ரோல் எல்லாம் டேப்லெட்லதான். மழைக்கு கரண்ட் போயிட்டு வந்தா ரெண்டு ஆம்ப்ளிஃபயர் டேப்லெட்ல வரவே மாட்டேங்குது. போன முகூர்த்தத்துல தாலி கட்டுற நேரம் பந்தி ஹால் ஸ்பீக்கர் அலறுது, குறைக்க வழியில்ல. சவுண்ட்காரர் ஸ்டாட்டிக் ஐபி போடணும்ங்கறார். நாங்களே போடலாமா?

பதில்: தாராளமா போடலாங்க, அவர் சொன்னது சரிதான். ஸ்டாட்டிக் ஐபின்னா நெட்வொர்க்ல ஒவ்வொரு கருவிக்கும் நாமளே போட்டு வைக்கிற மாறாத நம்பர். இப்போ உங்க ரௌட்டர், பந்தியில எந்த எலை காலியோ அதுல ஆளை உக்கார வைக்கிற மாதிரி காலியா இருக்கற நம்பரை எடுத்து குடுத்துட்டு இருக்கு. கரண்ட் வந்ததும் ஆம்ப்ளிஃபயர் சட்டுனு எந்திரிச்சு நம்பர் கேக்குது, ரௌட்டர் எந்திரிக்க ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம் ஆகுது, பதில் வராததால அது 169.254-ன்னு ஆரம்பிக்கற ஒரு நம்பரை தானே போட்டுக்குது. அப்புறம் டேப்லெட் ஒரு பக்கம், ஆம்ப்ளிஃபயர் ஒரு பக்கம். அடுத்த தடவை காணாம போனா டிஸ்ப்ளேல அந்த நம்பர் இருக்கான்னு பாருங்க, இருந்தா காரணம் இதேதான்.

முதல்ல ரௌட்டர் செட்டிங்ல டிஹெச்சிபி, அதாவது ரௌட்டர் தானா குடுக்கற நம்பர், எங்கிருந்து எங்க வரைக்கும்னு பாருங்க. 192.168.1.100-ல இருந்து 200 வரைன்னு இருந்தா அதுக்குள்ள கை வைக்காதீங்க, மிக்ஸருக்கு 192.168.1.11, ஆம்ப்ளிஃபயருக்கு 12 முதல் 15-ன்னு வெளிய குடுங்க. உள்ள குடுத்தா ரௌட்டர் அதே நம்பரை யாரோ விருந்தாளி போனுக்கும் குடுத்துரலாம், அப்போ ரெண்டும் மோதிக்கும், எப்போ மோதும்னும் சொல்ல முடியாது. சப்நெட் மாஸ்க் எல்லாத்துக்கும் 255.255.255.0. ஒவ்வொண்ணா மாத்துங்க, மாத்தினதும் சாஃப்ட்வேர்ல அது மறைஞ்சா பயப்படாதீங்க, புது நம்பரை குடுத்து தேடுனா வந்துரும். டேப்லெட்டுக்கு ஸ்டாட்டிக் தேவையில்ல, அதே வைஃபைல இருந்தா போதும். உங்க மிக்ஸர்ல டான்டே (நெட்வொர்க் கேபிள் வழியா சத்தத்தை அனுப்பற முறை) இருந்தா அந்த போர்ட்டை மட்டும் ஆட்டோலயே விட்டுருங்க, அது கருவியோட பேரை வச்சு தேடிக்கும், நம்பர் மாறினாலும் சத்தம் வரும்.

நான் ரொம்ப அழுத்தி சொல்றது என்னன்னா, சவுண்டுக்குன்னு தனியா ஒரு சின்ன ரௌட்டர் வைங்க, ஆபீஸ் வைஃபை, சிசிடிவி எதையும் அதுல சேக்காதீங்க. இன்டர்நெட்காரங்க மோடம் மாத்துனா 192.168.1 போயி 192.168.29-ன்னு ஆகலாம், நீங்க போட்ட ஸ்டாட்டிக் நம்பர் அத்தனையும் வீண். தனி ரௌட்டருக்கும் ஸ்விட்ச்சுக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் குடுத்துருங்க. நம்பரையெல்லாம் தாள்ல எழுதி ரேக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிருங்க, சவுண்ட்காரர் ஊர்ல இல்லாத அன்னைக்குத்தான் அது தேவைப்படும்.

கர்க்கடகத்துல, அதாவது ஆடி மாசத்துல, முகூர்த்தம் இருக்காது, மண்டபம் சும்மாதான் கிடக்கும், மழையும் இருக்கும். அப்போ உக்காந்து இதை பண்ணுங்க, முடிச்சதும் மெயினை நீங்களே ஆஃப் பண்ணி போட்டு நாலும் டேப்லெட்ல திரும்பி வருதான்னு பாருங்க.