மலேசியாவுல ஒரு சின்ன தோட்டப்புற டவுன்ல இருந்துகிட்டு தமிழ்ல குழந்தைங்க புத்தகம் எழுதி வெளியிட முடியுமா?

முடியும். நான் இருக்கிறது பேராக் மாநிலத்துல சுங்கை சிப்புட். இங்க உட்கார்ந்துதான் எழுதுறேன், இங்க உள்ள பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல படிச்சுக் காட்டுறேன், அச்சடிக்க மட்டும் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ ஃபைலை அனுப்பி விட்டுடுவேன். தமிழ்ப்பள்ளியில ரெண்டாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறதா சொல்லியிருக்கீங்க, கதை ஒண்ணு கையில இருக்கு, நல்ல பிரிண்டர் யாராவது தெரியுமான்னு கேட்டிருக்கீங்க. பிரிண்டரைக் கடைசியா பார்த்துக்கலாம் டீச்சர். குழந்தைங்க புத்தகத்துல எழுதுறது கால்வாசி வேலைதான், மீதி முக்காவாசியும் திருத்துறது, அந்தத் திருத்தத்தைப் பிள்ளைங்ககிட்டேருந்து வாங்குங்க. பெரியவங்க எல்லாரும் படிச்சுட்டு நல்லாருக்கு நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க.

முதல்ல கதை எதைப் பத்தின்னு பாருங்க. தோட்டத்துக் கதைன்னாலே விடியக்காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு, ரப்பர் பால்மரம், பால் பிடிக்கிற மங்கு, வரிசையா கட்டின லயத்து வீடு, பிள்ளைங்களைப் பார்த்துக்கிற ஆயக்கொட்டகைன்னு எழுதுறவங்க நிறைய பேர். அது நம்ம அப்பா அம்மா வாழ்ந்த வாழ்க்கை, அதுல எனக்கு மரியாதை உண்டு, ஆனா உங்க வகுப்புல உட்கார்ந்திருக்கிற ஏழு எட்டு வயசுப் பிள்ளை அதைப் பார்த்ததே கிடையாது. அது இருக்கிறது தாமான்ங்கிற குடியிருப்பு வீட்டுல, அப்பா எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறாரு, அம்மா ஃபேக்டரிக்கு ஷிஃப்ட் போறாங்க, பள்ளி விட்டா டியூஷன், ராத்திரி பாசார் மாலாம்ங்கிற இரவுச் சந்தை. அந்தப் பிள்ளை கண்ணால பார்க்கிற விஷயத்துலேருந்து ஆரம்பிச்சா அதுவே உள்ள வந்துடும், அப்புறம் நீங்க பின்னாடி எவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போனாலும் வரும்.

பின்னாடி போறதுக்கும் நம்ம பக்கத்துல விஷயம் கொட்டிக் கிடக்கு. கோலகங்சார்ல 1877ல நட்ட 9 ரப்பர் கன்னுல ஒரு மரம் இன்னும் நிக்குது, நம்ம முன்னோர் கப்பலேறி வந்து இங்க பொழைச்ச பொழைப்புக்கு ஆரம்பம் அந்த மாதிரி மரங்கதான், அதைப் பத்தி ஒரு படப்புத்தகம் நம்ம பிள்ளைங்க கையில இருக்க வேணாமா? அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் பொறந்தது சுங்கை சிப்புட்லதான், முதலாளிங்க தோட்டங்களைத் துண்டு துண்டா வித்துட்டு இருந்த காலத்துல, தொழிலாளிங்களே தோட்டம் வாங்கட்டும்னு அவங்ககிட்ட 10 வெள்ளி 10 வெள்ளியா சேர்த்து 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சாரு. ஒரு பாட்டி முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த பத்து வெள்ளியை எடுத்துக் கொடுக்கிற கதையா இதை எழுதினா எட்டு வயசுப் பிள்ளைக்கும் புரியும். யாராவது எழுதுங்களேன், நான் முதல் ஆளா வாங்குவேன்.

சரி, திருத்துற விஷயத்துக்கு வரேன். என்னோட ஒரு கதையையே காட்டுறேன். செம்பனைத் தோட்டத்துல உயரமான கம்பத்து மேல மரப்பெட்டி வச்சிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க, அது ஆந்தைக்கு. எலி வந்து செம்பனைப் பழத்தைக் கடிச்சுப் போடும், எலி மருந்து வைக்கிறதுக்குப் பதிலா ஆந்தை வந்து குடியிருக்கட்டும்னு தோட்டத்துலயே பெட்டி கட்டிக் கொடுப்பாங்க. நம்ம வீடுகள்ல ஆந்தை கத்துனா அபசகுனம்னு சொல்லிப் பயமுறுத்தி வச்சிருக்கோம், அதே ஆந்தைக்குத் தோட்டத்துல வீடு கட்டித் தராங்க, கதைக்கு இது போதும்னு எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு இப்படி இருந்துச்சு:

“கதிரவன் மேற்கில் மறைந்துகொண்டிருந்த அந்த இனிய மாலைப் பொழுதில் கவின் தன் தந்தையுடன் பசுமையான செம்பனைத் தோட்டத்திற்குள் மகிழ்ச்சியாக நடந்து சென்றுகொண்டிருந்தான். அப்பொழுது உயரமான கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி இருப்பதைக் கண்டு வியப்படைந்தான்.”

அச்சுக்குப் போனது இப்படி:

“கவின் அப்பாவோடு நடந்தான். வழியில் ஒரு கம்பம். கம்பத்தின் மேல் ஒரு பெட்டி. ‘அப்பா, அது யார் வீடு?’”

சாயங்காலம், பச்சை, உயரம் எல்லாத்தையும் ஓவியர் பார்த்துக்கிட்டாங்க. வியப்பு கவின் மூஞ்சில இருக்கு. படத்துல தெரியிறதை எழுத்துலயும் சொன்னா பிள்ளை எழுத்தைத் தாண்டிப் போயிடும், பக்கம் பக்கமா நான் நேர்ல பார்த்திருக்கேன். கேள்வி பக்கத்தோட கடைசியில நிக்கிறதால தாளைத் திருப்பணும்னு கை தானா போகுது. படப்புத்தகத்துல தாளைத் திருப்புறதும் கதை சொல்ற ஒரு வழி, அதை நல்லா பயன்படுத்துங்க.

இதைச் சரியா செய்யணும்னா மாதிரிப் புத்தகம் ஒண்ணு பண்ணியே ஆகணும். ஏ4 தாள் 8 எடுத்து நடுவுல மடிச்சு ஸ்டேப்ளர் அடிங்க, 32 பக்கம் வந்துடும். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கமா இருக்கிறதுக்குக் காரணமும் அச்சுதான், பெரிய தாளை மடிச்சா பதினாறு பதினாறா பக்கம் விழும். 24 பக்கமும் போடலாம், நடுவுல பின் அடிக்கிற புத்தகம்னா 4ஆல வகுபடணும், அவ்ளோதான். தலைப்பு, பதிப்பு விவரத்துக்கெல்லாம் போக மீதிப் பக்கத்துல கதையைக் கையால எழுதிப் பிரிச்சுப் பாருங்க, படம் குச்சி மனுஷனா இருந்தா போதும். எங்க இழுவையா இருக்கு, எந்தப் பக்கத்துல படம் வரையறதுக்கு ஒண்ணுமே இல்லன்னு அப்பவே தெரிஞ்சுடும்.

அப்புறம் பிள்ளைங்ககிட்ட போங்க. எங்க கோயில் மண்டபத்துல சனிக்கிழமை பசியாறிட்டு வர்ற பிள்ளைங்களைச் சுத்தி உட்கார வச்சு வாசிப்போம். நான் வாசிக்க மாட்டேன், பிள்ளையை வாசிக்க விட்டுட்டுப் பக்கத்துல பென்சிலோட உட்கார்ந்துக்குவேன். எங்க தடுமாறுதோ அங்க ஒரு கோடு. ‘விழுங்கிக்கொண்டிருந்தது’ன்னு வந்த இடத்துல ரெண்டாம் ஆண்டுப் பொண்ணு ஒண்ணு பாதியிலயே விட்டுட்டுப் படத்தைத் தொட்டு, “அக்கா, எலி வாலு தெரியுது!”ன்னுச்சு. ‘விழுங்கியது’ன்னா அதே பிள்ளை ஒரே மூச்சுல படிச்சுடும். கொண்டிருந்தான், கொண்டிருந்தாள்னு முடியிற வினைங்களைத் தேடித் தேடிக் குறைங்க, பாதி சுமை இறங்கிடும்.

அதே பொண்ணு இன்னொண்ணும் கேட்டுச்சு. பெட்டிக்குள்ள இருக்கிற குஞ்சுங்க படத்தைப் பார்த்துட்டு, “இது மட்டும் ஏன் இத்துனூண்டு இருக்கு?” ஆந்தை எல்லா முட்டையையும் ஒரே நாள்ல போடாது, ரெண்டு மூணு நாளைக்கு ஒண்ணா போடும், முதல் முட்டை போட்ட உடனே அடைகாக்க ஆரம்பிச்சுடும், அதனால குஞ்சும் ஒண்ணு பின்னாடி ஒண்ணாதான் பொரியும், அண்ணன் தம்பி வரிசையில நிக்கிற மாதிரி பெருசும் சிறுசுமா இருக்கும். ஓவியர் அதைப் படிச்சுட்டுச் சரியா வரைஞ்சிருந்தாங்க, கதையில அதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல. அந்தக் கேள்விக்காகவே ஒரு பக்கம் புதுசா எழுதினேன், இப்ப வாசிக்கிற எல்லாப் பிள்ளையும் கடைக்குட்டி ஆந்தையைத்தான் தேடுது. எந்தப் பெரியவங்களும் இதைக் கேட்டிருக்க மாட்டாங்க.

பெரியவங்க கேக்கிறது வேற, “கருத்து எங்க?” கடைசிப் பக்கத்துல ‘ஆகவே மாணவர்களே, பறவைகளிடம் அன்பு காட்டுவோம்’னு ஒரு வரி போடச் சொல்லுவாங்க. போடாதீங்க. கதை அதைச் சொல்லியிருந்தா அந்த வரி தேவையில்ல, சொல்லலன்னா அந்த வரியால ஒண்ணும் ஆகாது. பாடநூல் வேற, படிக்கிற ஆசைக்கு வாங்குற புத்தகம் வேற. 2021ல ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் பரீட்சையையே எடுத்துட்டாங்க, ஆனா கடையில தமிழ்னு கேட்டா இன்னும் பயிற்சிப் புத்தகத்தைத்தான் எடுத்து நீட்டுறாங்க. பள்ளியில நீலாம்ங்கிற வாசிப்புத் திட்டத்துக்குப் பிள்ளைங்க படிச்ச புத்தகத்தைப் பதியணும், 500க்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கிற நாட்டுல நம்ம ஊர்ப் பிள்ளையை வச்சு எழுதின தமிழ்ப் புத்தகம் அலமாரியில எத்தனை இருக்குன்னு உங்க பள்ளியிலயே போய்ப் பாருங்க டீச்சர், எனக்கு மனசு வலிக்கும்.

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழான்னு சண்டை வரும். என் வழி என்னன்னா, கதை சொல்றது எளிமையான எழுத்துத் தமிழ், பாட்டி பேசினா பாட்டி பேசுற மாதிரியே. வாசிக்கப் பழகுற பிள்ளைக்கு ரெண்டும் வேணும். சில தலைமையாசிரியர்கள் ஒத்துக்க மாட்டாங்க, பேசிப் பாருங்க, சத்தமா ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டினா நிறைய பேர் இறங்கி வருவாங்க.

ஓவியர் விஷயத்துல கவனம். சொந்தக்காரப் பையன்தானே, தெரிஞ்ச பொண்ணுதானேன்னு வாய் வார்த்தையில முடிக்காதீங்க. நம்ம நாட்டு 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, வேற மாதிரி ஒப்பந்தம் எழுதிக்கலன்னா, காசு கொடுத்து வரையச் சொன்னவங்களுக்கே படத்தோட உரிமை போயிடும். இது பாதி ஓவியர்களுக்குத் தெரியாது. எவ்வளவு காசு, ரெண்டாவது பதிப்புக்கு என்ன, படத்தை வேற எங்க பயன்படுத்தலாம்னு ஒரு பக்கம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அட்டையில உங்க பேரு போட்ட அதே அளவுல அவங்க பேரும் வரணும், பாதிப் புத்தகம் அவங்களோடது.

பக்கம் அமைக்கும்போது தமிழ் எழுத்து உடையும், அதுக்குத் தயாரா இருங்க. தமிழ் தெரியாத டிசைனர் இன்டிசைன்ங்கிற பக்க அமைப்பு மென்பொருள்ல ஒட்டினா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போய், ‘கொக்கு’ங்கிறது நடுவுல புள்ளி வட்டத்தோட வந்து நிக்கும். வோர்ல்ட் ரெடி கம்போஸர்னு ஒரு செட்டிங் இருக்கு, அதைப் போடச் சொல்லுங்க, யூனிகோட் ஃபாண்ட் மட்டும் கொடுங்க. முரசு அஞ்சல்ங்கிற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைச் செஞ்ச முத்து நெடுமாறன் நம்ம மலேசியாக்காரர், கணினியில தமிழ் இவ்வளவு தூரம் வந்ததுல நம்ம ஆளு பங்கு பெருசு, அப்படிப்பட்ட நாட்டுல எழுத்து உடைஞ்ச புத்தகத்தைப் பிள்ளை கையில கொடுக்கக் கூடாதுங்கிறது என் பிடிவாதம். எழுத்து பெருசா இருக்கட்டும், வரிக் கடைசியில வார்த்தையை வெட்டாதீங்க, ரெண்டு ஓரமும் சமமா வரணும்னு இழுத்துப் பிடிக்காதீங்க, கருத்த படத்து மேல எழுத்து வைக்காதீங்க. கடைசி பிடிஎஃப் வந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் தாள்ல எடுத்து வாய்விட்டுப் படிங்க, ஸ்கிரீன்ல பார்த்தா பத்தாது.

சட்டத்துக்கு வேண்டியது கொஞ்சம்தான். புத்தகத்துக்கு அடையாளமா போடுற ஐஎஸ்பிஎன் எண் கோலாலம்பூர்ல இருக்கிற தேசிய நூலகம் தருது, காசு கிடையாது, ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம், தனி ஆளாவும் வாங்கலாம். புத்தகத்துல அச்சிட்டவங்க, வெளியிட்டவங்க பேரும் முகவரியும் கண்டிப்பா இருக்கணும், அது 1984 அச்சகச் சட்டம். வெளியிட்ட ஒரு மாசத்துக்குள்ள 5 பிரதி தேசிய நூலகத்துக்கு அனுப்பணும், அது 1986ல வந்த நூல் ஒப்படைப்புச் சட்டம். இதைச் சுமையா நினைக்காதீங்க, நம்ம டவுன்ல எழுதின ஒரு தமிழ்க் குழந்தைப் புத்தகம் நாட்டோட நூலகத்துல நிரந்தரமா இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இப்ப பிரிண்டர். சில நூறு பிரதிக்கு உள்ளன்னா டிஜிட்டல், அதுக்கு மேலன்னா ஆஃப்செட்ல ஒரு பிரதிக்கு ஆகிற செலவு இறங்கும். வெட்டும்போது வெள்ளை தெரியாம இருக்க ஓரத்துல படத்தை 3 மில்லிமீட்டர் கூடுதலா விட்டு, படத்தோட தெளிவு 300 டிபிஐ, கலர் அச்சுக்கான சிஎம்ஒய்கேன்னு கொடுங்க. முழுசா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பிரதி அடிச்சுக் காட்டச் சொல்லிக் கையில வாங்கிப் பாருங்க, செம்பனைப் பச்சை ஸ்கிரீன்ல ஒண்ணு தாள்ல ஒண்ணா வரும். ரெண்டு மூணு பிரிண்டர்கிட்ட விலை கேளுங்க, தாளோட கனம் என்னன்னு எழுதி வாங்குங்க.

விக்கிறதுக்குக் கடையை மட்டும் நம்ப வேணாம். பிஐபிஜிங்கிற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், பூசாட் சும்பர்ங்கிற பள்ளி நூலகம், தைப்பூசத்துக்கு ஸ்டால், பிறந்தநாளுக்கு மொத்தமா வாங்குற அம்மாமார், இதெல்லாம்தான் நம்ம சந்தை. போற பள்ளியில ஒரு வகுப்புக்காவது வாசிச்சுக் காட்டிட்டு வாங்க, விக்கலன்னாலும் பரவாயில்ல, அடுத்த கதைக்கான கேள்வி அங்கதான் கிடைக்கும். காசே போட முடியாதுன்னா ஸ்டோரிவீவர்னு இந்தியாவுல உள்ள பிரதம் புக்ஸ் பதிப்பகம் நடத்துற தளம் இருக்கு, 2015லேருந்து ஓடுது, அங்க உள்ள படத்தை எடுத்து உங்க கதையை இலவசமா வெளியிடலாம், தமிழும் இருக்கு. வாசிப்பு நிலை 1, 2ன்னு அவங்க பிரிச்சிருக்கிறதையும் பாருங்க, எந்த வயசுக்கு எவ்வளவு எழுதலாம்னு ஒரு பிடி கிடைக்கும்.

உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு டீச்சர், வாசிச்சுச் சொல்ற பிள்ளைங்க தினமும் உங்க முன்னாடியே உட்கார்ந்திருக்காங்க. இந்த வாரமே அந்த 8 தாளை மடிங்க. மாதிரிப் புத்தகம் ரெடியானதும் பின்னூட்டத்துல சொல்லுங்க, ஒரு சனிக்கிழமை கொண்டு வந்தீங்கன்னா எங்க மண்டபத்துப் பிள்ளைங்ககிட்டயும் கொடுத்துப் பார்ப்போம்.