பேடில் போர்டிங்: எதை வாங்கலாம், எதைத் தள்ளலாம்?

கேள்வி: எனக்கு 41 வயது, மகளுக்கு 12. கோவளத்தில் இருவரும் பேடில் போர்டிங் (மிதக்கும் பலகை மேல் நின்றபடி துடுப்புப் போடுவது) கற்றுக்கொள்ளப் பணம் கட்டியிருக்கிறோம். வெட்சூட் இல்லாமல் தண்ணீரில் இறங்கவே கூடாது என்று கடையில் சொல்லி, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பெரிய தொகை கேட்டார்கள். சுடிதார் தவிர வேறு உடுத்திப் பழக்கமில்லை. நீச்சலும் இருவருக்கும் அரைகுறைதான். என்ன வாங்கட்டும்? (சோழிங்கநல்லூர் வாசகி)

பதில்: வெட்சூட் வாங்காதீர்கள். அது குளிர்ந்த நீருக்கான உடை. ரப்பர் போன்ற நியோப்ரீன் துணிக்குள் மெல்லிய படலமாகத் தண்ணீர் தங்கி, உடம்புச் சூட்டிலேயே வெதுவெதுப்பாகும். சென்னைக் கடல் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி வரை இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் துடுப்புப் போட்டால் உள்ளுக்குள் வெந்துவிடுவீர்கள்.

முதல் பணம் லைஃப் ஜாக்கெட்டுக்குப் போகட்டும். பயிற்சி நிலையத்திலேயே கொடுப்பார்கள் என்றால் வாங்கவே வேண்டாம், ஆனால் மகளின் அளவில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் பிரச்சினை இங்கேதான் வருகிறது. ஜாக்கெட்டின் உள்பக்கம் எத்தனை கிலோ எடைக்கு, எத்தனை நியூட்டன் மிதப்பு என்று அச்சிட்டிருக்கும். பத்து நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும் விசை. 50 நியூட்டன் ஜாக்கெட் நீந்தத் தெரிந்தவருக்கு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது போதும். மயங்கிக் கிடப்பவரின் முகத்தை அது மேலே திருப்பிவிடாது. அரைகுறை நீச்சல் என்று சொல்வதால், 100 நியூட்டன் ஃபோம் ஜாக்கெட் கேளுங்கள். கொஞ்சம் தடிமனாக இருக்கும், பலகையில் திரும்ப ஏறும்போது நெஞ்சில் இடிக்கும். பரவாயில்லை.

பள்ளிச் சீருடை எடுக்கும்போது வளரும் பிள்ளை என்று ஒரு சைஸ் கூட்டி எடுப்போம் அல்லவா, அதை இங்கே செய்யாதீர்கள். மகளுக்கு மாட்டி, எல்லாப் பட்டையையும் இறுக்கி, இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது அவள் சைஸ் இல்லை. தண்ணீரில் அவள் கீழே நழுவ, ஜாக்கெட் மட்டும் மிதக்கும். தொடைக்கு நடுவே கொடுத்து மாட்டும் பட்டை இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் துணி. பருத்தி வேண்டாம். நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது, ஈரமான மெல்லிய வெள்ளை டி-ஷர்ட் வெயிலை அவ்வளவாகத் தடுக்கவும் செய்யாது. ரேஷ் கார்டு என்று கேளுங்கள்: நைலான் அல்லது பாலியெஸ்டரோடு எலாஸ்டேன் கலந்த, முழுக்கை வைத்த நீச்சல் சட்டை. லேபிளில் யூ.பி.எஃப். 50+ என்று இருக்க வேண்டும். புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே விடாது என்று அர்த்தம். நிறம் ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு. நீலமும் பச்சையும் அழகுதான், ஆனால் தூரத்திலிருந்து தேடுகிறவர் கண்ணுக்குக் கடலோடு கடலாகிவிடும்.

சுடிதார் பேன்ட் தண்ணீரை அள்ளிக்கொள்ளும். விழுந்தபின் பலகை மேல் ஏறுவதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வித்தை, அப்போது அது காலைப் பிடித்து இழுக்கும். துப்பட்டா கரையிலேயே இருக்கட்டும். உடம்போடு ஒட்டிய லெக்கிங்ஸ் மட்டும் போடக் கூச்சமாக இருந்தால், அதன் மேல் சீக்கிரம் காயும் துணியில் முழங்கால் வரை ஷார்ட்ஸ் போடுங்கள். யோகா வகுப்புக்கு வாங்கிய பாலியெஸ்டர் லெக்கிங்ஸ் வீட்டில் இருந்தால் அதுவே போதும். தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள். கொலுசை அவசியம் கழற்றுங்கள், பலகையோடு காலைக் கட்டும் லீஷ் பட்டை சரியாக அந்த இடத்தில்தான் வரும்.

காலுக்குப் பலகை மேல் வெறுங்கால்தான் நல்லது. முட்டுக்காடு மாதிரிக் கழிமுகத்துக்குப் போனால் மட்டும், இறங்கும் இடத்தில் சிப்பி ஓடு கத்தி போல் அறுக்கும் என்பதால், மெல்லிய அடி வைத்த நீர்க் காலணி வாங்குங்கள். ரப்பர் செருப்பு முதல் விழுகையிலேயே மிதந்து போய்விடும்.

கேள்வி: ஊதும் பெல்ட் என்று ஒன்று இணையத்தில் பார்த்தேன். இடுப்பில் கட்டிக்கொண்டால் ஜாக்கெட்டே வேண்டாமாம். வெயிலுக்குச் சுகமாக இருக்குமே? (புதுச்சேரி வாசகர்)

பதில்: சுகம்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவர் அமைதியான நீரில் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அது தானாக ஊதாது. நீங்கள் கயிற்றை இழுக்க வேண்டும், உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் பையை ஊத வைக்கும், பிறகு அந்தப் பையைத் தலை வழியாக மாட்ட வேண்டும். பலகையில் தலை இடித்து விழுந்தவரால் இதெல்லாம் முடியுமா? சிறுவர்களுக்கும் நீச்சல் தெரியாதவர்களுக்கும் கூடவே கூடாது. ஒருமுறை ஊதினால் சிலிண்டர் தீர்ந்துவிடும். மாற்றுச் சிலிண்டர் இங்கே கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: காற்றடைத்த பலகை வாங்கினேன், கூடவே கணுக்காலில் கட்டும் சுருள் லீஷ் வந்தது. கடலிலும் பவானி ஆற்றிலும் இதையே பயன்படுத்தலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: ஆற்றுக்கு வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அலையில்லாத ஏரி, கழிமுகத்துக்குச் சுருள் லீஷ் சரி, பலகை மேலேயே சுருண்டு கிடக்கும். கரைக்கு வரும் அலையில் நேர் லீஷ் வேண்டும், சுருள் இழுபட்டுப் பலகையை உங்கள் மேலேயே திருப்பி அடிக்கும். கடலில் லீஷ் உயிர் காப்பது, ஏனென்றால் விழுந்தவரை விட்டுவிட்டுப் பலகை காற்றோடு ஓடிவிடும், நீந்திப் பிடிக்க முடியாது.

ஓடும் ஆற்றில் அதே லீஷ் ஆளைக் கொல்லும். கிளையிலோ பாறையிலோ தூணிலோ சிக்கினால், ஒரு பக்கம் பலகை இழுக்கும், மறுபக்கம் நீரோட்டம் உங்களை அழுத்தும். குனிந்து கணுக்காலைத் தொடவே விடாது. ஆற்றுக்கென்று இடுப்பில் கட்டும் லீஷ் இருக்கிறது. முன்னால் தொங்கும் ஒரு குமிழை இழுத்தால் மொத்தமாக அவிழ்ந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்துப் பழகுங்கள். 2021 அக்டோபரில் வேல்ஸில் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் ஊரில், வெள்ளம் ஓடிய ஆற்றின் தடுப்பணையில் சிக்கி நான்கு பேடில் போர்டர்கள் இறந்தார்கள். பிரிட்டனில் லீஷ் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் பெரிதானது. எந்த லீஷ் கட்டியிருந்தாலும் தடுப்பணைப் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: கண்ணாடி, மொபைல், சன்ஸ்கிரீன் பற்றிச் சொல்லுங்கள். (ராமநாதபுரம் வாசகி)

பதில்: போலரைஸ்டு கண்ணாடி தண்ணீரில் பட்டு வரும் ஒளியின் கண்கூச்சத்தைக் குறைக்கும், மிதக்கும் பட்டையோடு வாங்குங்கள். பட்டை இல்லாமல் போய் என் கண்ணாடியை முட்டுக்காட்டுச் சேற்றுக்குக் கொடுத்திருக்கிறேன். கான்டாக்ட் லென்ஸோடு இறங்க வேண்டாம், கண்ணில் தொற்று வரும்.

மொபைல் பையை வாங்கியதும் உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்து மூடி, அரை மணி நேரம் வாளியில் அமுக்கி வையுங்கள். காகிதம் காய்ந்திருந்தால் நம்பலாம். ஐ.பி.68 (தண்ணீர் புகாத தன்மைக்கான தரக் குறியீடு) மொபைல்தானே என்று வெறுமனே கொண்டுபோகாதீர்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது, உப்புத் தண்ணீரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

சன்ஸ்கிரீன் கழுத்தின் பின்புறம், முழங்காலின் பின்புறம், பாதத்தின் மேல்புறம் மறக்காமல் பூசுங்கள். நின்றே போவதால் பாதம் நன்றாகக் கருகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் மன்னார் வளைகுடா, 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. பவளத்துக்குக் கேடு என்பதால் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது. ஜிங்க் ஆக்சைடு வகை வாங்குங்கள். அதைவிட நல்லது, முழுக்கைச் சட்டையால் மூடிக்கொண்டு பூசும் இடத்தைக் குறைப்பது.

கேள்வி: இணையத்தில் '100 நியூட்டன்' என்று போட்ட லைஃப் ஜாக்கெட் வாங்கினேன். வந்ததில் எந்த லேபிளும் இல்லை, கிழிந்த தையல். திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (தாம்பரம் வாசகர்)

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. 2020 மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கம் மாறுவதற்குள் இப்போதே படம் பிடித்து வையுங்கள். ஜாக்கெட்டின் உள்பக்கம், தையல், ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து, தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்தாக வேண்டும். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. அதுவரை அந்த ஜாக்கெட்டை வீட்டில் யாரும் எடுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குப் போகாதபடி தனியே எடுத்து வையுங்கள்.