மலைக்கிராமச் சபை மக்களை ஆவிக்குரிய வளர்ச்சிக்கும் அர்ப்பணிப்புக்கும் ஒரு போதகர் எப்படி ஊக்கப்படுத்துவது?

எட்டு மாதத்துக்கு முன்பு மலைமேல் ஒரு சிறிய சபைக்கு மாற்றலாகி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு ஆராதனைக்குப் பாதிப் பேர்தான் வருகிறார்கள், வருகிறவர்களும் பிரசங்கத்தில் தூங்குகிறார்கள், வேதபாடத்துக்கு நாலு வயசான அம்மாமார் தவிர யாருமில்லை என்கிறீர்கள். கடைசியில் "இவர்களுக்கு ஆவிக்குரிய தாகமே இல்லை" என்று முடித்திருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

நீங்கள் வயதில் இளையவர், சமவெளியிலிருந்து வந்தவர் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். நான் இறையியல் படித்தவன் இல்லை. நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் எடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. அப்பா 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையின் அட்டன் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அவர் தகரப்பெட்டியில் துணிக்கு மேலே வைத்துக் கொண்டுவந்தது ஒரு வேதாகமும் ஒரு பாமாலைப் புத்தகமும். இரண்டும் இன்னும் என் வீட்டில் இருக்கின்றன. எங்களுக்குத் தாகம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காலையில் மேட்டுப்பாளையம் மண்டியில் லோடு இறங்க வேண்டும். அதனால் நடுராத்திரி தாண்டியதும் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவோம். ஜனவரியில் புல் மேல் உறைபனி உப்பு மாதிரி கிடக்கும். காட்டுமாடு நிற்கிறதா, கரடி நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். பிடுங்கி, தழை ஒடித்து, மூட்டை பிடித்து, கழுவும் மெஷினில் கொட்டி, மறுபடி மூட்டை கட்டி வண்டியில் ஏற்றி முடிக்கும்போது விடிந்துவிடும். கூலி மூட்டைக் கணக்கு. எங்கள் சபையில் முக்கால்வாசிக் குடும்பங்களுக்கு இதுதான் பிழைப்பு. சனி ராத்திரியும் லோடு உண்டு.

சில வருஷங்களுக்கு முன்பு எங்களுக்கு ஒரு ஆயர் இருந்தார். பேர் வேண்டாம். நல்ல பேச்சாளர். ஒரு ஞாயிறு விடியற்காலை ஆறரைக்கு வேலை முடித்து, பச்சைத் தண்ணீரில் கை கால் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்பது மணி ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தேன். பிரசங்கம் பாதியில் கண் சொருகிவிட்டது. அவர் பேச்சை நிறுத்தினார். என் பெயரைச் சொல்லி எழுப்பி, "நம்ம சபை ஐத்திகு எழுந்துட்டாரா?" என்றார். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் பேசும்போது ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த வாலிபன் ஐத்திகு. சபை முழுவதும் சிரித்தது. பெண்கள் பக்கம் என் மனைவி தலை குனிந்து, நகக்கண்ணில் போகாத செம்மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதை இன்னும் மறக்க முடியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட என்னை ஐத்திகு மாமா என்றார்கள்.

அதோடு நின்றதா என்றால் இல்லை. சங்கக் காணிக்கை பாக்கி வைத்தவர்கள் பட்டியலை அவர் நோட்டீஸ் நேரத்தில் வாசிப்பார். தொடர்ந்து மூன்று ஞாயிறு வராதவர்கள் பட்டியல் தனி. ஓய்வுநாளில் கேரட்டுக்குப் போகிறவன் உலகப்பொருளுக்கு ஊழியம் செய்கிறான் என்பார். நான் பதினாலு மாதம் ஆலயத்துப் பக்கமே போகவில்லை. என்னோடு இன்னும் பத்து வீட்டுக்காரர்கள் நின்றுவிட்டார்கள். நான் மேஸ்திரி என்பதால் என்னைப் பார்த்து நின்றவர்களும் அதில் உண்டு. அந்தப் பாரம் என்மேல்தான்.

(ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க வேண்டாமா என்று கேட்க வருகிறவர்களுக்கு: கட்டளை எனக்கும் தெரியும். மூட்டைக் கூலியில் வாழ்கிறவன் சனி ராத்திரி வேலையை விட்டால் அடுத்த வாரம் அவனுக்கு டீமில் இடம் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.)

அவருக்குப் பிறகு வந்தவர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். வந்த மூன்றாவது வாரம், விடியற்காலை ஐந்து மணிக்குக் கேரட் கழுவும் இடத்துக்கு நடந்து வந்தார். காலில் சாதாரண ஷூ. கணுக்கால்வரை சேறு ஏறிவிட்டது. மெஷினிலிருந்து கேரட் சரிந்து வந்துகொண்டிருந்தது, ஒரு பெண் மூட்டை வாயைப் பிடிக்க ஆளில்லாமல் திணறினாள். அவர் போய்ச் சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினைந்து மூட்டை முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. வேட்டியும் ஸ்வெட்டர் கையும் நனைந்து சொட்டின. அடுத்த தடவை வந்தபோது ஊட்டி மார்க்கெட்டில் வாங்கிய ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்.

டீ குடிக்கும்போது என்னிடம் கேட்டார்: "அண்ணே, நீங்க எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?"

"காலைல எட்டு மணிக்குப் படுத்தா மத்தியானம் பன்னெண்டு, ஒரு மணி வரைக்கும் தூங்குவேங்க ஐயா."

"அப்போ ஒன்பது மணி ஆராதனை உங்களுக்கு நடுராத்திரி."

இதை அதுவரை எந்த ஆயரும் எங்களிடம் கேட்டதில்லை. பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்களுக்கு வச்ச பேரைக் கேள்விப்பட்டேன். அந்தப் பகுதியை மறுபடி வாசிச்சுப் பாருங்கண்ணே. அந்தப் பையனைக் குறை சொல்லி ஒரு வரிகூட இல்ல. நடுராத்திரி வரைக்கும் பேசினது பவுல்தான். விழுந்தவனைப் பார்த்து மேலேருந்து சத்தம் போடல, இறங்கிப் போயி அணைச்சுக்கிட்டாரு" என்றார். நான் வண்டிக்கு மூட்டை எண்ணப் போவதுபோல எழுந்து போய்விட்டேன். அங்கே நின்றால் அழுதிருப்பேன்.

புதன்கிழமை நாலு மணிக்கு, தூங்கி எழுந்து சாப்பிட்டுத் தெம்பாக இருக்கும் நேரத்தில், கழுவும் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே தார்ப்பாய் விரித்து லூக்கா சுவிசேஷம் ஆரம்பித்தார். இருபத்து நாலு அதிகாரம். வாரம் ஒன்று என்று கணக்குப் போட்டோம். மழையும் லோடும் குறுக்கே வந்து முப்பத்தொரு வாரம் ஆனது. அவர் பிரசங்கம் செய்யவே மாட்டார். ஆளுக்கு இரண்டு மூன்று வசனம் வாசிக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து வாசிக்க, அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். முடிந்ததும் ஒரே கேள்வி: "இதுல வர்ற ஆளுங்கள்ல நீங்க யாரு?"

ஐந்தாம் அதிகாரம் வந்த அன்று எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி, படிக்கத் தெரியாதவர், திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்து, மீன்பிடிகாரர் வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள் என்ற இடத்தில் நின்றுவிட்டார். "அலசிக்கிட்டா இருந்தாங்க?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றோம். "ராத்திரி பூரா பாடுபட்டுட்டு, விடிஞ்சப்புறம் அலசிக்கிட்டு இருந்தவங்க கிட்டதான் ஆண்டவர் வந்தாரா?" என்றார். கழுவிக் கழுவி வெடித்த தன் கையை மடியில் விரித்துப் பார்த்தார். யாரும் பேசவில்லை. ஆயரும்தான். நான் சின்ன வயதிலிருந்து நூறு தடவையாவது கேட்ட பகுதி அது. வலை அலசியது ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை.

அடுத்து எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. ஆனால் வளர்ச்சி, அர்ப்பணிப்பு என்று நீங்கள் கேட்டதால் எழுதியே ஆக வேண்டும். பெண்களின் கூலியில் இருபது மூட்டைக்கு ஒரு மூட்டை நான் பிடித்து வைப்பேன். வண்டிச் செலவு என்று சொல்வேன். வண்டிக்குத் தோட்டக்காரர்தான் கொடுப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லா மேஸ்திரியும் செய்வதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்தொன்பதாம் அதிகாரம், வரி வசூலிக்கும் சகேயு. அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்று அவன் சொல்லும் வசனம் வாசிக்கும் முறை வைத்துப் பார்த்தால் எனக்கு வரவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வந்தது. அவள் கூலியிலும் நான் பிடித்திருக்கிறேன். அவள் மெதுவாக வாசித்தாள். "இதுல நீங்க யாரு?" என்று ஆயர் கேட்டபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜாடை காட்டியிருந்தால்கூடக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

மூன்று ராத்திரி வேலையில் என் கை ஓடவில்லை. சனிக்கிழமை பழைய நோட்டை எடுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனேன். கணக்கைப் பார்த்தார். ஜெபித்தார். நாலத்தனை என்னால் முடியவில்லை, ஒன்றுக்கு ஒன்று கொடுக்க ஏழு மாதம் ஆனது. சபையில் சாட்சியாகச் சொல்லச் சொல்லுங்கள் என்று கமிட்டியில் இரண்டு பேர் அவரை நெருக்கினார்கள். அவர் என்னிடம், "முதல்ல கொடுத்து முடிங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். முடித்த பிறகும் மேடைக்குக் கூப்பிடவில்லை. இத்தனை வருஷம் மேடையில் கேட்ட எந்தப் பிரசங்கமும் என் நோட்டுவரை வந்ததில்லை. அந்தப் புதன்கிழமை வந்தது.

அவரை நான் தெய்வமாக்குகிறேன் என்று நினைக்காதீர்கள். பதிவேடு எழுதுவதில் மந்தம், கமிட்டிக் கூட்டத்துக்கு எப்போதும் தாமதம். நின்றுபோன பதினொரு வீட்டில் ஏழு வீடுதான் திரும்பி வந்தது. இரண்டு வாலிபர்கள் வேறு சபைக்கே போய்விட்டார்கள், அங்கே நன்றாக இருக்கிறார்கள், சந்தோஷம். காணிக்கையும் பெரிதாக ஏறவில்லை. கன்வென்ஷன் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் சீசன் நேரத்தில் கீழிருந்து வரும் பிரசங்கியார் மூன்று நாள் பேசி, "ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்கிறார், நாங்களும் உயர்த்துகிறோம். நாலாம் நாள் அவர் இறங்கிப் போய்விடுவார். உயர்த்திய கைகளை அதற்கப்புறம் யாரும் தேடி வருவதில்லை.

கமிட்டியில் எதிர்ப்பு இருந்தது. ஆலயத்தை விட்டுவிட்டு ஷெட்டில் கூட்டம் போடுகிறார் என்றார்கள். அவர் சண்டை போடவில்லை. ஞாயிறு ஒன்பது மணி ஆராதனை அப்படியே இருக்க, மாலை ஐந்து மணிக்கு இன்னொன்று சேர்த்தார். இரண்டு மடங்கு வேலை அவருக்குத்தான்.

அந்த மாலை ஆராதனைக்கும் ஒரு தொல்லை வந்தது, இதைச் சொல்லாமல் என்னால் விட முடியவில்லை. ஞாயிறு சாயங்காலம் டூரிஸ்ட் வண்டி இறங்கும் நேரம். ஊட்டி ரோட்டில் பஸ் நகராது. பக்கத்து ஊரிலிருந்து வருகிறவர்கள் ஜெபம் முடியும்போது வந்து சேர்வார்கள். பிரசவ வலி எடுத்த பெண்ணை ஏற்றிய வண்டி ஒரு வளைவில் நாற்பது நிமிடம் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். ஐகோர்ட் சொல்லி 2024 மே 7 முதல் டூரிஸ்ட் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு, வாரநாளில் 6000, வார இறுதியில் 8000 வண்டி என்று கணக்கும் வைத்தார்கள். எண்ணாயிரம் வண்டியே இந்த ரோட்டுக்கு அதிகம். 1831 ஈஸ்டர் அன்று திறந்த ஊட்டி ஸ்டீபன் ஆலயத்துக்கு வந்து, அதைக் கட்டக் கொண்டுவந்த திப்பு சுல்தான் அரண்மனை மரம் எது என்று கேட்டுப் போட்டோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் இங்கே வாழ்கிறவன் ஆஸ்பத்திரிக்கும் ஆலயத்துக்கும் போக வழி விட வேண்டாமா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் 1846-இல் கேத்தியில் வேலை தொடங்கினார்கள். மெட்ஸ் என்ற ஜெர்மானியர் இந்த மலையின் படகர் மக்கள் வாழும் ஊர்களான ஹட்டி ஹட்டியாக நடந்தார், படகர் மொழியைக் கற்றுக்கொண்டார். முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858-இல். பன்னிரண்டு வருஷம். நீங்கள் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

உங்கள் மக்கள் தேயிலைக்குப் போகிறவர்களா, பூண்டு உருளைக்கிழங்கு போடுகிறவர்களா, லாட்ஜில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அதைத் தெரிந்துகொண்டு, அவர்கள் விழித்திருக்கும் நேரத்துக்கு உங்கள் வேதபாடத்தை மாற்றுங்கள். வருகிற அந்த நாலு அம்மாமாரை லேசாக எண்ணாதீர்கள். எங்களுக்கு வலையைக் காட்டியது அப்படி ஒரு பாட்டிதான். தூங்குகிறவரைத் தூங்க விடுங்கள், எழுந்ததும் அவர் வீட்டுக்குப் போங்கள்.

எங்கள் ஆயர் மாற்றலாகிப் போய் மூன்று வருஷம் ஆகிறது. புதன் நாலு மணி நிற்கவில்லை. இப்போது இருக்கும் ஆயர் வர முடியாத வாரங்களில் நாங்களே வாசிக்கிறோம். எபேசியர் நாலாம் அதிகாரம் நடந்துகொண்டிருக்கிறது. கேத்திப் பக்கம் வந்தால் இறங்குங்கள். தார்ப்பாயில் இடம் இருக்கிறது, டீ இருக்கும். ரப்பர் பூட்ஸ் மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும்.